புரோட்டீன் ஸ்கிம்மர் பொருத்துவதும் சரிசெய்வதும்: கடல் மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் வீட்டு ஹாலில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து திரும்ப மேலே போகும் துணைத் தொட்டி. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர். புதிதாகக் கடல் மீன் வளர்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஸ்கிம்மரைப் பற்றித்தான் இருக்கும். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சம்ப்புக்குள் உட்காரும் நீடில் வீல் (ஊசிச் சக்கரம்) வகை ஸ்கிம்மரை மனதில் வைத்து எழுதியது இது. என்னிடம் இருப்பது அதுதான், கேட்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பதும் அதுதான்.

ஸ்கிம்மர் உண்மையில் என்ன செய்கிறது?

துவரம்பருப்பு வேகும்போது மேலே நுரை கட்டும், அதைக் கரண்டியால் வழித்துப் போடுவோம் இல்லையா, அதே வேலைதான். பருப்பிலிருந்து கரைந்து வரும் புரதம் போன்றவை தண்ணீரும் காற்றும் தொடும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் அந்த நுரை உடனே உடையாமல் நிற்கிறது. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் பாசியிலிருந்து கசிவதிலும் இப்படிப்பட்ட மூலக்கூறுகள் நிறைய உண்டு. ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். ஸ்கிம்மரின் பம்ப் காற்றை இழுத்து, ஊசி ஊசியாக இருக்கும் சக்கரத்தால் அடித்து, பொடிக் குமிழிகளாக்கித் தண்ணீருக்குள் விடுகிறது. குமிழி மேலே ஏறும் வழியெல்லாம் இந்த அழுக்கு அதன்மேல் படிகிறது. கழுத்துப் பகுதியில் குமிழிகள் நெருங்கி நுரையாகி, நீர் கீழே வடிந்து, மிஞ்சிய கெட்டி நுரை மேலே ஏறிக் கப்பில் விழுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, அழுகுவதற்கு முன்பே அழுக்கு வெளியேறிவிடுகிறது என்பது. ஸ்பாஞ்சும் பஞ்சும் பிடித்ததைத் தண்ணீரோட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும். நீங்கள் கழுவும்வரை அது அங்கேயே மக்கி, அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட்டாக நிற்கும். ஸ்கிம்மர் கப்பில் விழுந்தது தொட்டியை விட்டே போய்விட்டது.

இன்னொரு வேலையும் செய்கிறது: தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 போலத்தான் பிடிக்கும். நம் ஊர் மே மாதத்தில் இந்த வித்தியாசம் மீன்களுக்குப் பெரிய விஷயம்.

அப்படியென்றால் எல்லா அழுக்கையும் எடுத்துவிடுமா?

எடுக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் 2009 முதல் தன் குழுவோடு இதை அளந்து பார்த்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் 20 முதல் 35 சதவீதம் வரைதான் ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது. மீதி, குமிழியில் ஒட்டாத வகை. சோதித்த ஸ்கிம்மர்களுக்கு இடையே பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. அதனால் எந்த பிராண்ட் என்று மாதக்கணக்கில் யோசிக்காதீர்கள். கையில் இருப்பதைச் சரியாக உட்காரவைப்பதில்தான் பலன் இருக்கிறது. ஏற்கெனவே உருவாகிவிட்ட அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் ஸ்கிம்மர் தொடாது. பாக்டீரியா வளரக் கல்லும், அவ்வப்போது தண்ணீர் மாற்றுவதும் எப்போதும் வேண்டும்.

நன்னீர்த் தொட்டியில் வைக்கலாமா?

வீட்டுத் தொட்டியில் பிரயோஜனம் இல்லை. உப்பு இல்லாத தண்ணீரில் பொடிக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். நுரை நிற்காது.

எத்தனை லிட்டருக்கு எந்த அளவு வாங்குவது?

பெட்டியில் "500 லிட்டர் வரை" என்று போட்டிருந்தால் அது மீன் குறைவான தொட்டியை நினைத்துப் போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்கள் ஓரளவு இருக்கும் தொட்டிக்கு உங்கள் மொத்தத் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு எழுதியிருப்பதை எடுக்கலாம். கொளத்தூரில் கடைக்குப் போகும்போது தொட்டி அளவை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மீன், தினம் எவ்வளவு தீனி என்பதையும் சொல்லிக் கேளுங்கள். சம்ப்பின் உள் அகலத்தையும் அலமாரியின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். கப்பை மேலே தூக்கி எடுக்க இடம் இல்லையென்றால் யாரும் வாரம் இரண்டு தடவை கழுவ மாட்டோம்.

ரொம்பப் பெரிதாக வாங்குவதும் நல்லதல்ல. அழுக்கு குறைவான தண்ணீரில் அகலமான கழுத்தை நிரப்பும் அளவு நுரை சேராது. பாதி உயரம் ஏறி உடைந்து உடைந்து விழும். இரண்டு கோமாளி மீன் இருக்கும் 100 லிட்டர் தொட்டிக்கு ஆளுயர ஸ்கிம்மர் வாங்கி வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

சம்ப்பில் எங்கே வைப்பது? தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்கான பதிலைச் சரியாகச் செய்துவிட்டால் கீழே இருக்கும் பாதிக் கேள்விகள் உங்களுக்கு வராது.

ஸ்கிம்மருக்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது வெளியே சம்ப்பில் நிற்கும் தண்ணீர்தான். வெளி மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் உள் மட்டமும் ஏறும். நுரை நீர்த்துப்போய் வழியும். வெளி மட்டம் இறங்கினால் நுரை கழுத்தை எட்டாது. தினம் ஏறி இறங்கும் தண்ணீரில் ஸ்கிம்மரை வைத்துவிட்டு, வெளியேறும் குழாயில் இருக்கும் வால்வின் திருகைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. தவறு திருகில் இல்லை.

சென்னை வெயிலில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆவியாகிறது. சம்ப்பில் தடுப்புக் கண்ணாடிகள் இருந்தால் இந்தக் குறைவு முழுவதும், தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். முந்தைய அறைகளில் மட்டம் தடுப்பின் உயரத்திலேயே நிற்கும். ஆகவே ஸ்கிம்மரை அந்த மட்டம் மாறாத அறையில் வையுங்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து விழும் முதல் அறையோ அதற்கு அடுத்ததோ சரி. அழுக்கு அதிகமாக இருக்கும் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. தடுப்பே இல்லாத சம்ப் என்றால், ஏடிஓ என்று சொல்கிற, தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் கருவியை வாங்கிவிடுங்கள்.

ஆழம் ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். சம்ப்புக்குள் வைக்கும் பல மாடல்களுக்கு 18 முதல் 23 சென்டிமீட்டர் சொல்வார்கள். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. 17 முதல் 20 என்று இருந்தால் முதலில் 17இல் ஆரம்பியுங்கள். உங்கள் அறையில் ஆழம் அதிகமாக இருந்தால் ஸ்கிம்மரைத் தூக்கி வைக்க வேண்டும். வெள்ளை நிறக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் லைட் கிரில்லை வெட்டி அடுக்கலாம், அக்ரிலிக் துண்டில் மேடை செய்யலாம். செங்கல், டைல்ஸ் துண்டு, இரும்புக் கம்பி எதுவும் வேண்டாம். மேடை ஆடாமல் மட்டமாக இருக்கட்டும். ஸ்கிம்மர் சாய்ந்திருந்தால் நுரை ஒரு பக்கமாக ஏறும்.

முதல் நாள் எப்படி ஓட்டுவது?

மாட்டும் முன் எல்லாப் பகுதியையும் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிளாஸ்டிக்கில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்பு மட்டும் வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அப்புறம் மேடைமேல் உட்காரவைத்து, வெளியேறும் குழாயின் வால்வை முழுக்கத் திறந்துவையுங்கள். காற்றுக் குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டுப் பம்ப்பைப் போடுங்கள். காற்றைக் குறைத்து நுரையைக் கட்டுப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குமிழிதான் இந்தக் கருவியின் உயிர். காற்று முழுதாக ஓடட்டும், தண்ணீர் மட்டத்தை வைத்துக் கட்டுப்படுத்துங்கள். முதல் இரண்டு நாள் கப்பை அடிக்கடி பாருங்கள். பொங்கினால் பொங்கட்டும் என்று கப்பின் வடிகுழாயைச் சம்ப்புக்குள்ளேயே விட்டுவைப்பது நல்லது.

வாங்கி மூன்று நாளாகிறது, கப்பில் ஒரு சொட்டு கூட இல்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. புது ஸ்கிம்மரின் உள்சுவரில் மெல்லிய வழவழப்புப் படலம் ஒன்று படிய வேண்டும். அதுவரை நுரை சுவரில் பட்டு உடைந்துகொண்டே இருக்கும். சில தொட்டிகளில் மூன்று நாள், சிலவற்றில் இரண்டு வாரம்கூட ஆகும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் நான் திருகைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு நாளை வீணாக்கினேன் என்று பின்னால்தான் புரிந்தது.

தொட்டியே புதிது, இன்னும் மீன் விடவில்லை என்றால் எடுப்பதற்கு எதுவும் இல்லை. ஸ்கிம்மரைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டு வாரமும் தாண்டிவிட்டது, மீனும் தீனியும் இருக்கிறது, இன்னும் ஒன்றுமில்லை என்றால் மூன்றைப் பாருங்கள்: தண்ணீரின் உப்பு, காற்றுக் குழாயில் அடைப்பு, சம்ப்பின் ஆழம். காற்றுக் குழாயின் முனையை விரலால் மூடினால் உறிஞ்சுவது விரலில் தெரிய வேண்டும்.

திருகை எந்தப் பக்கம், எவ்வளவு திருகுவது?

வெளியேறும் குழாயை மூடமூட உள்ளே மட்டம் ஏறும், நுரை நீர்க்கும். திறக்கத் திறக்க மட்டம் இறங்கும், நுரை கெட்டியாகும். இவ்வளவுதான்.

கண்ணால் பார்க்க வேண்டியது ஒரு கோடு. ஸ்கிம்மரின் உடம்பில் கலங்கலாகச் சுழலும் குமிழித் தண்ணீர் முடிந்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய நுரையாக மாறும் இடம் ஒன்று இருக்கும். அந்தக் கோடு கழுத்தின் அடிப்பகுதியில், கப் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும். அங்கே நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மறுநாள் இதே நேரத்துக்குப் பாருங்கள். வேண்டுமானால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மாற்றுங்கள். திரும்பவும் ஒரு நாள். காலையில் திருகி மத்தியானம் திருகி ராத்திரி திருகினால் எந்தத் திருகல் எதைச் செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

டிசி பம்ப் உள்ள மாடலில் வேகத்தை மாற்றும் பொத்தானும் இருக்கும். அதைக் கம்பெனி சொன்ன நிலையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு கைப்பிடியை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது.

கப்பில் விழுவது கெட்டியாக இருக்க வேண்டுமா, நீர்த்து இருக்க வேண்டுமா?

டீ டிகாஷன் நிறத்தில் இருந்தால் நான் திருப்தியாக இருப்பேன். கெட்டியாக, கரும்பச்சையாக, தார்போல விழுந்தால் நுரை ரொம்ப உலர்ந்திருக்கிறது. வந்தது அழுத்தமாக இருந்தாலும் அளவு குறைவு, கழுத்தும் சீக்கிரம் பிசுபிசுத்துப்போகும். வெளிறிய மஞ்சளாகத் தண்ணீர்போல விழுந்தால் அழுக்கு கொஞ்சம் அதிகமாகப் போகும், கூடவே உங்கள் உப்புத் தண்ணீரும் போகும்.

இந்த உப்புக் கணக்கைப் பலர் யோசிப்பதில்லை. கப்பில் தினம் அரை லிட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் 7 லிட்டர் கடல்நீர் போய்விட்டது. அந்த இடத்தை ஏடிஓ உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்பியிருக்கும். 300 லிட்டர் தொட்டியில் ஆயிரத்துக்கு 35 பங்கு என்று இருந்த உப்பு 34.2க்கு வந்துவிடும். ஒரே நாளில் வராததால் மீன்கள் தாங்கிக்கொள்ளும், ஆனால் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீர்த்த நுரை எடுப்பவர்கள் வாரம் ஒருமுறை உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, கப்பில் கொட்டிய அளவுக்கு உப்புத் தண்ணீராகவே ஈடுசெய்ய வேண்டும்.

தீனி போட்டதும் நுரை அடங்கிவிடுகிறதே?

குக்கரில் பருப்பு பொங்கி வழியாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். அதேதான் நடக்கிறது. மீன் தீனியில் இருக்கும் கொழுப்பு, எண்ணெய்ச் சத்து, உறைந்த இறாலிலிருந்து வரும் கொழுப்பு எல்லாம் நுரையை உடைத்துவிடும். ஒரு மணி நேரமோ சில மணி நேரமோ கழித்துத் தானாக வரும். அதற்குள் அவசரப்பட்டு வால்வை மூடாதீர்கள். நுரை திரும்பி வரும்போது மூடிய வால்வோடு சேர்ந்து பொங்கும். உறைந்த தீனியை ஒரு சின்ன வடிகட்டியில் போட்டு அலசிவிட்டுப் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். கையில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டாலும் இதுதான் நடக்கும்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, இன்று திடீரென்று பொங்கி வழிகிறது. என்ன செய்தேன்?

நேற்று என்ன ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினை எடுக்கும் மருந்து, அதிலும் மீனின் மேல்பூச்சைப் பாதுகாக்கும் என்று சொல்லும் வகை, ஸ்கிம்மரை வெறிபிடிக்க வைக்கும். கல்லை ஒட்டும் எபாக்ஸி பசை, புதிதாகக் கலந்து நன்றாகக் கரையும் முன்பே ஊற்றிய உப்பு, பாக்டீரியா திரவங்கள், சிலிக்கான் பசை காயாமல் தண்ணீர் நிரப்பியது என்று காரணம் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும். வால்வை முழுக்கத் திறந்து, கப்பைக் காலி செய்து காலி செய்து ஓட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரியான கார்பன் போட்டால் சீக்கிரம் அடங்கும்.

எதுவும் ஊற்றவில்லை என்றால் சம்ப் மட்டத்தைப் பாருங்கள். இல்லையென்றால் ஏதாவது மீனோ நத்தையோ எங்கேயாவது கல்லுக்குள் செத்துக்கிடக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்கிம்மர் சில நேரம் நமக்கு முன்பே இதைச் சொல்லிவிடும்.

கரண்ட் போய் வந்தால் ஏன் வழிகிறது? இன்வெர்ட்டரில் போடலாமா?

கரண்ட் போனதும் ரிட்டர்ன் பம்ப் நின்றுவிடும். மேல்தொட்டியில் வழிமட்டத்துக்கு மேல் நிற்கும் தண்ணீரும் குழாயில் இருப்பதும் சம்ப்புக்கு இறங்கும். நான்கடிக்கு ஒன்றரையடி தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 14 லிட்டர். கரண்ட் வந்ததும், சம்ப் நிரம்பியிருக்கும் அந்த நிலையிலேயே ஸ்கிம்மரும் ஓட ஆரம்பிக்கும். ரிட்டர்ன் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி முடிக்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் பொங்கும். ஸ்கிம்மரை மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாகப் போடும் டிலே டைமரில் மாட்டினால் தீர்ந்தது.

இன்வெர்ட்டர் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். மூன்றாம் வருடம், ஆக்சிஜன் கிடைக்கட்டுமே என்று ஸ்கிம்மரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போட்டேன். ரிட்டர்ன் பம்ப் சாதாரண லைனில் இருந்தது. ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது. சம்ப்பில் மட்டம் ஏறி நிற்க, ஸ்கிம்மர் மட்டும் நிற்காமல் ஓடியது. கப்பின் வடிகுழாயை வெளியே ஐந்து லிட்டர் கேனில் விட்டிருந்தேன். கேன் நிரம்பி, தரையெல்லாம் கடல்நீர். விடியும் முன் கரண்ட் வந்ததும் தொட்டிக்குக் குறைந்த தண்ணீரை ஏடிஓ நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டது. ஏறக்குறைய 12 லிட்டர். காலையில் அளந்தபோது 35 இருந்த உப்பு 33.6. மீன்கள் பிழைத்தன, ஒரு இறால் போய்விட்டது. அந்த இறாலை வெகுநாள் வளர்த்திருந்தேன்.

ஆகவே, ரிட்டர்ன் பம்ப்பும் ஸ்கிம்மரும் ஒரே லைனில் இருக்கட்டும். இரண்டும் இன்வெர்ட்டரில் அல்லது இரண்டுமே வெளியே. கரண்ட் இல்லாதபோது ஆக்சிஜனுக்குப் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் போதும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப்புகள் இரையும், சூடாகும். போடுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது வடிகுழாயை மூடிவிட்டு, வால்வைக் கொஞ்சம் திறந்து உலர்ந்த நுரைக்கு மாற்றிவிட்டுப் போங்கள். பொங்கினாலும் சம்ப்புக்குள்ளேயே விழும். அழுக்கு திரும்பிப் போவது தரை நனைவதைவிடப் பரவாயில்லை.

தொட்டி முழுக்கப் பொடிக் குமிழியாக இருக்கிறது.

புதிதென்றால் ஒரு வாரம் பொறுங்கள். அதன் பிறகும் இருந்தால், வெளியேறும் குழாயின் வாய் ரிட்டர்ன் பம்ப்பைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிவிட்டாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. சம்ப்பில் மேலே, கீழே, மேலே என்று தண்ணீரை ஓட்டும் மூன்று தடுப்புகள் இருந்தால் குமிழி அங்கேயே மேலே வந்து உடைந்துவிடும். இல்லையென்றால் நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள்.

கடல் தண்ணீரையே பிடித்து வந்து பயன்படுத்துகிறேன். மழைக்காலத்தில் நுரை குறைகிறதே?

நல்ல கவனிப்பு. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்று நீரும் மழை நீரும் கலந்து நம் கரையோரக் கடலின் உப்பு குறைந்துவிடும். அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் தொட்டியின் உப்பும் இறங்கும். குமிழி பெரிதாகி நுரை நிற்காது. அதைவிட முக்கியமாக மீன்களுக்கு அது நல்லதல்ல. பிடித்து வந்ததும் அளந்து பார்த்து, அடர்த்தி 1.025 வரும்வரை கடை உப்பு கலந்து பயன்படுத்துங்கள். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எந்த மாதத்திலும் பிடிக்காதீர்கள்.

புதுக் கடல்நீர் ஊற்றிய ஓரிரு நாள் ஸ்கிம்மர் அதிகமாக எடுத்தால் அது நல்லதே. அதில் வந்த மிதவை உயிர்கள்தான் வெளியே போகின்றன.

ஏசி ரூமில் தொட்டி. பிஎச் எப்போதும் 7.8தான். ஸ்கிம்மருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஸ்கிம்மர் இழுப்பது அந்த ரூம் காற்றைத்தான். கதவு, ஜன்னல் சாத்திய ரூமில் நாலு பேர் தூங்கினால் காற்றில் கரியமில வாயு ஏறும். ஸ்கிம்மர் அதைத் தண்ணீரில் கலக்கும், பிஎச் இறங்கும். காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் பலருக்கு 8.1, 8.2 வரை ஏறியிருக்கிறது. குழாய் நீளம் அதிகமானால் உறிஞ்சுவது குறையும், அதனால் கொஞ்சம் தடிமனான குழாயாகப் போடுங்கள்.

ஆனால் நம் ஊரில் ஜன்னலுக்கு வெளியே விடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மாலையில் தெருவில் கொசுமருந்துப் புகை அடித்துக்கொண்டு போவார்கள். அந்தப் புகையை ஸ்கிம்மர் இழுத்துப் பொடிக் குமிழியாக்கித் தண்ணீருக்குள் கலந்தால் என்ன ஆகும்? கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஸ்கிம்மரை அணைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். வீட்டுக்குள் என்றால் கொசுவத்தி, செருகி வைக்கும் கொசுமருந்து, ரூம் ஸ்பிரே, பெயின்ட் வாடை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாமே இதே வழியாகத்தான் தண்ணீருக்குள் போகும். தொட்டி இருக்கும் ரூமில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். யாரும் எச்சரிக்காததால் மீன்களை இழந்தவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

கப்பையும் கழுத்தையும் வாரம் இரண்டு, மூன்று தடவை. கழுத்தின் உள்பக்கம் பழுப்பாகப் பிசுக்கு படியும். அது தடித்தால் நுரை அதில் பட்டே உடையும், கப்பில் விழுவது குறையும். வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கீழே உடம்பின் உள்சுவரைத் தேய்க்க வேண்டாம். நாள் கழித்துப் படிந்த படலத்தை எடுத்துவிட்டால் மறுபடி சில நாள் காத்திருக்க வேண்டிவரும்.

மாதம் ஒருமுறை காற்றுக் குழாயைக் கழற்றி, முனையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். பம்ப் அதையே உறிஞ்சி, உள்ளே படிந்த உப்பைக் கரைத்துவிடும். நுரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்தால் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, பாதி வினிகர் பாதித் தண்ணீரிலோ எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ ஊறவைத்தால் சக்கரத்தில் படிந்த சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். கழற்றும் முன் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

சத்தம் அதிகமாக இருக்கிறது, ராத்திரி மட்டும் நிறுத்திவைக்கலாமா?

நிறுத்தாதீர்கள். விளக்கு அணைந்தபின் பாசியும் ஆக்சிஜன் கொடுக்காது, எல்லாமே எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஸ்கிம்மர் அதிகம் தேவை. உறிஞ்சும் சத்தம் என்றால் காற்றுக் குழாயின் முனையில் சைலன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். கரகரவென்றால் சக்கரத்தில் அழுக்கு. அதிர்வு என்றால் அடியில் ரப்பர் துண்டு வையுங்கள்.

மருந்து போடும்போது?

மருந்துப் புட்டியில் ஸ்கிம்மரை நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்துங்கள், கட்டாயம் காற்றுக் கல் ஒன்றைப் போடுங்கள். மருந்து நாட்கள் முடிந்து கார்பனும் போட்டபின் ஸ்கிம்மரைத் திரும்பப் போடும்போது வால்வை முழுக்கத் திறந்துவைத்தே ஆரம்பியுங்கள். பொங்கும்.

ஸ்கிம்மர் வைத்துவிட்டால் பவளமும் லைவ் ராக்கும் வைக்கலாம் என்கிறார்களே?

உயிருள்ள கல்லும் வலுவான ஸ்கிம்மரும் சேர்ந்தால் போதும் என்ற முறையை ஜெர்மனியில் பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் பரப்பினார்கள், பெர்லின் முறை என்றே அதற்குப் பெயர். ஆனால் இந்தியாவில் பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது கல்லோ பவளமோ எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பாறைகள் நம் கடலின் மீன்வளத்துக்கே தொட்டில். செராமிக் கல்லில் பாக்டீரியா அழகாக வளர்கிறது, கொஞ்சம் நாள் எடுக்கும், அவ்வளவுதான். மீனுக்கும் கடலை நம்ப வேண்டியதில்லை: ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

என் தொட்டிக்குச் சம்ப் கிடையாது.

தொட்டியின் பின்கண்ணாடியில் தொங்கவிடும் வகை வாங்கலாம். அதிலும் மட்டம்தான் எல்லாம். மேல்தொட்டியில் தண்ணீர் ஆவியாகி இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே அது திணறும். தினம் காலையில் ஒரே அடையாளக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கப்பில் சேர்ந்ததை எங்கே ஊற்றுவது?

கழிப்பறையில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள், வாடை கடுமையாக இருக்கும். செடிக்கு உரமாகும் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். அதில் இருப்பது கடல் உப்பு, செடி கருகிவிடும். ஊற்றும் முன் நிறத்தையும் அளவையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த தடவை ஏதாவது மாறினால் எந்த நாளிலிருந்து மாறியது என்று அந்த நோட்டில் இருக்கும்.